பச்சைக் கல்லின் சுருதி

ஜப்பான்காரன் காலத்தில் எங்கள் வீடு மலாக்காவில், காஜா பெராங்கில் இருந்தது. பலகைச் சுவர், அத்தாப்பு ஓலைக் கூரை, பின்னால் நான்கு வீட்டுக்குப் பொதுவாக ஒரு கிணறு. அந்தக் காலத்தைப் பற்றி யார் பேசினாலும் பசியைப் பற்றித்தான் பேசுவார்கள். நானும் பசித்திருந்தவள்தான். ஆனால் என் வாழ்க்கையில் நான் மிகவும் ஆசைப்பட்டுச் செய்த வேலை அந்த வருஷங்களில்தான் எனக்குக் கிடைத்தது. இதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகவே இருக்கிறது. எங்கள் வரிசையிலிருந்து இரண்டு பேரைச் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். ஒருவர்தான் திரும்பி வந்தார்.

என் வீட்டுக்காரர் யுத்தத்துக்கு முன்னால் ஒரு பள்ளிக்கூடத்தின் அறிவியல் கூடத்தில் உதவியாளராக இருந்தார். கண்ணாடிக் குடுவைகளைக் கழுவுவது, தராசுகளைத் துடைத்து வைப்பது, ஆசிரியர் கேட்கும் கருவியை எடுத்துக் கொடுப்பது. ஜப்பான்காரர்கள் வந்ததும் பள்ளிக்கூடம் மூடிவிட்டது. கருவிகளில் பாதியை லாரியில் ஏற்றிப் பண்டார் ஹிலிரில் கடலைப் பார்த்த ஒரு பெரிய வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். கருவிகளோடு இவரையும் கூட்டிக்கொண்டார்கள். அந்த வீட்டுக்கு ஊரில் 'கல்லு ஆபீஸ்' என்று பெயர் வந்துவிட்டது. பாலத்துக்கும் விமானத் திடலுக்கும் எந்தக் கல் தாங்கும் என்று பார்த்துச் சொல்வது அங்கே வேலை. அதை நடத்தியவர் என் வீட்டுக்காரர் வயதே ஆன ஓர் ஒல்லியான ஜப்பான்காரர். சண்டை போடுகிறவர் இல்லை, பூமியைப் பற்றிப் படித்தவர். எல்லாரும் அவரைக் கல்லுத் துவான் என்றுதான் சொல்வார்கள். துவான் என்றால் மலாயில் துரை.

வேலை கிடைத்த மூன்றாவது வாரம், ஒரு சாயங்காலம், அவித்து வைத்த மரவள்ளிக்கிழங்கை இவர் தொடவே இல்லை. தட்டுக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"என்னாங்க, உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. நாளைக்கு என்னைய நிப்பாட்டிருவாரு."

"ஏன்? என்னா செஞ்சீங்க?"

தயங்கித் தயங்கிச் சொன்னார். கல்லை நீளமான கட்டையாக அறுத்து, இரண்டு இடத்தில் நூல் கட்டித் தொங்கவிட்டு, சின்னச் சுத்தியலால் நடுவில் தட்ட வேண்டும். கல் ஒரு சத்தம் கொடுக்கும். அந்தச் சத்தம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கண்டுபிடித்தால், கட்டையின் நீளத்தையும் கனத்தையும் வைத்துக் கணக்குப் போட்டு, அந்தக் கல் எவ்வளவு விறைப்பானது, அழுத்தினால் எவ்வளவு வளைந்து கொடுத்துத் திரும்பும் என்று சொல்லிவிடலாம். சத்தத்தை அளக்கப் பள்ளிக்கூடத்துச் சுரமானி இருந்தது. நீளமான மரப்பெட்டியின்மேல் ஒரே ஒரு கம்பி. கம்பியைத் தாங்கி நிற்கும் சின்ன மரக் குதிரையை நகர்த்தி, கம்பியின் சத்தமும் கல்லின் சத்தமும் ஒன்றாகும் இடத்தில் நிறுத்தி, அளவுகோலைப் படித்துக் குறிக்க வேண்டும். கல்லுத் துவானுக்குச் சுரங்கத்தில் வெடி வைத்து வைத்தே காது மந்தம். அதனால் அந்த வேலை இவருக்கு வந்தது.

"அதுல என்னா கஷ்டம்?" என்றேன்.

"எல்லாக் கல்லும் எனக்கு ஒரே மாதிரிதான் கேக்குது. மூணு வாரமா வாய்க்கு வந்த நம்பரை எழுதிக்கிட்டு இருந்தேன். இன்னைக்கு ஒரே கல்லை மூணு தரம் குடுத்தாரு. மூணு தரமும் வேற வேற நம்பர். ஏன்னு நாளைக்கு வந்து சொல்லுன்னாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது, உடனே பயமும் வந்தது. இவருக்குச் சங்கீத ஞானம் சுத்தமாகக் கிடையாது. கோயிலில் மணி அடிப்பதும் சங்கு ஊதுவதும் இவருக்கு ஒரே சுருதிதான். ஆனால் அந்த நாளில் வேலை இல்லாத ஆம்பிளை வீட்டில் இருக்க முடியாது. சயாம் பட்டியலில் பேர் ஏறிவிடும்.

என் அப்பா ஜாலான் துக்காங் எமாஸ் பிள்ளையார் கோயிலில் திருமுறை பாடியவர். தம்புராவுக்குச் சுருதி சேர்ப்பது சின்ன வயதிலிருந்து என் பொறுப்பு. நான்கு தந்தியில் ஒன்று இம்மி பிசகினாலும் எனக்குப் பல் கூசும்.

"நான் வரேன்" என்றேன்.

"எங்க?"

"கல்லு ஆபீசுக்கு. பொய் எழுதினதை நீங்க சொல்லுங்க. மிச்சத்தை நான் பாத்துக்குறேன்."

மறுநாள் காலையில் இரண்டு பேரும் நடந்தே போனோம். கல்லுத் துவான் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. எங்களுக்கு ஜப்பான் மொழி தெரியாது. நடுவில் பசார் மலாய்தான், சந்தையில் பேசுகிற உடைந்த மலாய். அவருக்குத் தெரிந்த மலாய்ச் சொற்கள் மொத்தமே இருநூறு தேறாது. அவர் சொன்னதையெல்லாம் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

இவர் தலையைக் குனிந்துகொண்டு உண்மையைச் சொன்னார். அவர் கேட்டு முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இவள் யார்?"

"என் மனைவி. இவளுக்குக் காது நல்லாக் கேக்கும், துவான்."

அவர் எழுந்து மூன்று கட்டைகளை வரிசையாகத் தொங்கவிட்டார். நான் முதல் கல்லைத் தட்டினேன். கல்லின் சத்தம் தம்புரா மாதிரி நிற்பதில்லை. கண் இமைப்பதற்குள் போய்விடும். ஆனால் போவதற்குள் நான் பிடித்துக்கொண்டேன். மனசுக்குள் அதைப் பாடிக்கொண்டே கம்பியை மீட்டிக் குதிரையை நகர்த்தினேன். மூன்று கல்லும் முடிந்ததும் அவர் வரிசையை மாற்றி, கட்டைகளுக்கு முன்னால் ஒரு துணியைத் தொங்கவிட்டு மறைத்து, தானே மறுபடி தட்டினார். எது எந்தக் கல் என்று எனக்குத் தெரியாது. நான் சொன்ன எண்களைப் பழைய எண்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார். அவர் முகத்தில் மெல்ல ஒரு சந்தோஷம் வந்தது.

"நாளையிலிருந்து இரண்டு பேரும் வாருங்கள்" என்றார்.

இவருக்குக் கணக்கு நன்றாக வரும். நான் சத்தத்தைச் சொல்ல, இவர் கணக்குப் போட, கல்லுத் துவான் முடிவை எழுத, எங்கள் வேலை ஓட ஆரம்பித்தது. கூலியாக அரிசி, உப்பு, எப்போதாவது ஒரு சோப்புக் கட்டி. சாயங்காலம் கைகோத்துக்கொண்டு நடக்காத குறையாக வீட்டுக்கு வருவோம். கல்யாணமாகி ஐந்து வருஷம் ஆகியும் அதுவரை இவரோடு நாள் முழுக்க இருந்ததில்லை. இவர் எண்ணை மூன்று தடவை சரிபார்ப்பதும், தப்பு வந்தால் காதுமடலைத் திருகிக்கொள்வதும் அங்கேதான் எனக்குத் தெரிய வந்தது.

எங்கள் அடுத்த வீட்டில், பல தலைமுறையாக மலாக்காவிலேயே இருந்துவிட்ட ஒரு மலாக்காச் செட்டி குடும்பம் இருந்தது. சாமியறையில் நம் சாமிதான், பேச்சு மட்டும் அவர்களுடைய மலாய். அந்த வீட்டு அக்காள் ஒருநாள் கிணற்றடியில் கேட்டாள்: "தினமும் எங்கே போகிறாய்? ஜப்பான்காரனுக்குச் சமைக்கவா?"

"இல்லை அக்கா, கல்லுக்குச் சுருதி பார்க்க."

குடத்தைக் கீழே வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "பசி வந்தால் தலை இப்படித்தான் ஆகும்" என்று சொல்லி, அன்று மத்தியானம் ஒரு கிண்ணம் கீரைக் குழம்பு கொடுத்தனுப்பினாள்.

சில மாதங்கள் போயிருக்கும். ஒருநாள் மழை பிடித்துக்கொண்டு லாரி வரவில்லை. பார்க்கக் கல் எதுவும் இல்லை. கல்லுத் துவான் உள்ளே போய்த் தன் சொந்தப் பெட்டியிலிருந்து துணி சுற்றிய ஒரு கட்டையைக் கொண்டுவந்தார். ஒரு முழம் இருக்கும். பாசி பிடித்த மாதிரி பச்சை. வெளிச்சத்தில் பிடித்தால் சர்க்கரை போலப் பொடிப் பொடியாக மின்னியது.

"இது ஆபீஸ் கல் இல்லை, என் கல்" என்றார். அவர் ஊரில் மலை மடிந்து எழுந்தபோது பூமியின் அடியிலிருந்து மேலே தள்ளிக்கொண்டு வந்ததாம். நாம் நிற்கும் தரை ஒரு மெல்லிய தோல்தானாம். அதற்குக் கீழே இந்தப் பச்சைக் கல்தான், ஆயிரம் மைலுக்கு மேல். அதில் உள்ள பொருளுக்கு அவர் சொன்ன பெயர் ஒலிவின். அந்தப் பெயரிலேயே ஒலி இருக்கிறதே என்று நான் இவரிடம் சொல்லிச் சிரித்தேன். இவர் அதை மலாயில் விளக்கப் பார்த்துத் தோற்றுப்போனார்.

நான் அதைத் தட்டினேன். அதுவரை எத்தனையோ கருங்கல்லைத் தட்டியிருக்கிறேன். கருங்கல் நல்ல கல்தான், ஆனால் அதன் குரலில் கொஞ்சம் கரகரப்பு இருக்கும். செம்புறைக் கல்லோ பானை ஓட்டைத் தட்டிய மாதிரி தொப்பென்று இருக்கும். இந்தப் பச்சைக் கல் வெண்கலம் போலக் கணீரென்றது. என்னை அறியாமல் இன்னொரு தடவை தட்டினேன்.

அவருடைய சொந்த ஆராய்ச்சி அன்று முதல் எங்களுடையதும் ஆனது. கல்லைச் சூடாக்கினால் சத்தம் என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். மணலை நிரப்பிய ஒரு தகரத் தொட்டியில் கட்டையைப் புதைத்து, அடியில் கரி மூட்டி, மெல்ல மெல்லச் சூடாக்கினோம். எடுத்துத் தொங்கவிட்டுத் தட்டினால் சுருதி இறங்கியிருந்தது. ஒரு நெல்லின் அகலம்தான் குதிரையை நகர்த்த வேண்டியிருந்தது. இன்னும் சூடாக்கினால் இன்னொரு நெல். சூடு கல்லைக் கொஞ்சம் தளர்த்துகிறது.

"அப்படின்னா பூமிக்கு உள்ள போகப் போகக் கல்லு தளந்துகிட்டே போகணும்ல? உள்ள நெருப்பா இருக்குமே" என்றேன் இவரிடம். இவர் அதைத் துவானிடம் கேட்டார்.

துவான் இரண்டு கைகளையும் என் கண்முன் நீட்டினார். ஒரு கையைக் கீழே இறக்கி, "பானாஸ்" என்றார், சூடு. இன்னொரு கையை மேலே ஏற்றி, "பெராட்" என்றார், பாரம். கீழே போகப் போகச் சூடு கல்லைத் தளர்த்துகிறது. மேலே உள்ள பாரம் அதை நெருக்கி விறைப்பாக்குகிறது. இரண்டுக்கும் மல்லுக்கட்டு. யார் ஜெயிக்கிறார்கள் என்பதைப் பூகம்பம் சொல்கிறது என்றார். பூகம்பத்தின் அதிர்ச்சி விறைப்பான கல்லில் வேகமாக ஓடும். ஆழத்தில் அது இன்னும் வேகமாகத்தான் ஓடுகிறது. ஆகவே பாரம்தான் ஜெயிக்கிறது. அதிலும் ஓர் ஆழத்துக்குக் கீழே வேகம் சட்டென்று ஏறிவிடுகிறதாம். பொருள் அதேதான், ஆனால் உள்ளுக்குள் வேறு மாதிரி அடுக்கிக்கொள்கிறது என்று அவர் நினைத்தார். அதற்கு மட்டும் அவரிடம் மலாய்ச் சொல் இல்லை.

நான் அந்த ஆபீஸ் வீட்டு அடுப்படியில் இருந்த அரிசிப் படியை எடுத்து வந்து, தலை தட்டி நிரப்பிக் காட்டினேன். பிறகு படியை மேசையில் நாலு தட்டுத் தட்டினேன். அரிசி ஒரு விரல் கீழே இறங்கியது. "இந்த மாதிரியா?" என்று கேட்டேன்.

அவர் படியை வாங்கி உள்ளே எட்டிப் பார்த்தார். உடனே நோட்டுப் புத்தகத்தை எடுத்து ஒரு படியைப் படமாக வரைந்து, பக்கத்தில் ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று நான் கேட்கவில்லை. அன்றைக்கு நான் நடந்த நடையே வேறு.

அந்தத் திமிருக்குச் சீக்கிரமே ஓர் அடி விழுந்தது. அவர்கள் இரண்டு பேரும் மலைக்குக் கல் பார்க்கப் போயிருந்தார்கள். நான் தனியே கட்டையைச் சூடாக்கிச் சத்தம் பார்த்து முடித்துவிட்டேன். ஆறிய பிறகு பழைய சுருதிக்கே திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். தானாக ஆறட்டும், சாயங்காலம் வரை தொடாதே என்று துவான் சொல்லியிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. இடுக்கியால் எடுத்து ஜன்னலோரத்தில் இருந்த சாக்கின்மேல் வைத்தேன். சாக்கு மழைச் சாரலில் நனைந்திருந்ததை நான் கவனிக்கவில்லை.

டக்கென்று ஒரு சத்தம். கட்டை இரண்டாகக் கிடந்தது.

உலகத்தில் அவரிடம் அந்த ஒரு கட்டைதான் இருந்தது. அவர்கள் வரும்வரை முக்காலியில் உட்கார்ந்தேயிருந்தேன். துண்டுகளை ஒளித்து வைக்கலாமா என்று கூட ஒரு கணம் தோன்றியது. வாசலில் லாரி நின்றதும் எழுந்து போய், "துவான், உடைத்துவிட்டேன்" என்றேன்.

அவர் துண்டுகளைப் பார்த்தார். வெளியே போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். இவர் என் பக்கத்தில் வந்து, "கையில சுட்டுக்கிட்டியா?" என்று மட்டும் கேட்டார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

துவான் திரும்பி வந்து இரண்டு துண்டுகளையும் தட்டிப் பார்க்கச் சொன்னார். சின்னத் துண்டு செத்த சத்தம் போட்டது. உள்ளே கீறல் ஓடியிருக்க வேண்டும். பெரிய துண்டு பத்தில் எட்டுப் பங்கு இருந்தது. அது கணீரென்றது.

"நல்லது, நீளம் மாறியிருக்கிறது. கணக்கு சரியா என்று இப்போது பார்க்கலாம்" என்றார்.

இரண்டு நாள் உட்கார்ந்து பெரிய துண்டின் முனையைத் தேய்த்துச் சதுரமாக்கினார்கள். கல்லின் விறைப்பு கல்லுக்கே உரியது, நீளத்தைக் குறைத்தால் மாறாது. சத்தம் மட்டும் ஏறும். எவ்வளவு ஏற வேண்டும், கம்பியில் குதிரை எங்கே நிற்க வேண்டும் என்று இவர் முன்கூட்டியே கணக்குப் போட்டு, ஒரு தாளில் எழுதி மடித்து மைப்புட்டிக்கு அடியில் வைத்தார். நான் தட்டினேன். பழைய சத்தத்தைச் சட்ஜமாக வைத்தால், புதியது பஞ்சமத்தைத் தாண்டி, சுத்த தைவதத்தைத் தொடாமல் மயிரிழை கீழே நின்றது. குதிரையை நகர்த்தி அளவைப் படித்தேன். இவர் தாளைப் பிரித்தார். நான் சொன்ன எண்ணுக்கும் தாளில் இருந்த எண்ணுக்கும் ஒரு நூல்தான் வித்தியாசம். துவான் மேசையை ஓங்கித் தட்டிச் சிரித்தார். இவர் காதுமடலைத் திருகிக்கொண்டு என்னைப் பார்த்தார். கல்யாணத்தன்றுகூட இவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு எனக்கு மசக்கை வந்து கொஞ்ச நாள் வீட்டில் இருந்தேன். ஒருநாள் அடுப்படியில் மரவள்ளிக்கிழங்கு துருவிக்கொண்டு, வாய்க்குள் ஒரு பாட்டை எட்டு எண்ணிக்கை ஆதி தாளத்தில் பாடிக்கொண்டிருந்தேன். கடிகாரங்களை ஜப்பான் நேரத்துக்குத் தள்ளி வைத்திருந்தார்கள். கடிகாரப்படி மத்தியானம், வெயில்படி இன்னும் காலை. அலமாரியில் பித்தளைத் தட்டுகள் மெல்லக் கிணுகிணுத்தன. லாரி போகிறது என்று நினைத்துப் பாட்டை விடாமல் தொடர்ந்தேன். பிறகு வீடே தொட்டில் மாதிரி பக்கவாட்டில் ஆடியது. வாளித் தண்ணீர் தளும்பிக் கொட்டியது. அடுத்த வீட்டு அக்காள் குழந்தைகளை இழுத்துக்கொண்டு வெளியே ஓடிவந்தாள். நானும் ஓடினேன். கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

சாயங்காலம் இவரோடு துவானும் சைக்கிளில் வந்துவிட்டார். "முதலில் சின்ன அதிர்ச்சி, பிறகு பெரிய ஆட்டம். நடுவில் எவ்வளவு நேரம்?"

"பித்தளைத் தட்டு கிணுகிணுத்தப்ப தாளத்தோட புது ஆவர்த்தனம் ஆரம்பிச்சேன்" என்றேன் இவரிடம். "அஞ்சு ஆவர்த்தனம் முடிஞ்சு ஆறாவதோட முதல் எண்ணிக்கையில வீடு ஆடிச்சு."

துவான் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு, காலையில் பாடிய அதே நடையில் பாடச் சொன்னார். நான் துருவியைக் கையில் எடுத்துக்கொண்டேன். அது இல்லாமல் அந்த நடை வராது. பாடி முடித்தபோது நாற்பத்தொரு விநாடி.

ஒரே இடத்திலிருந்து ஒருவன் சைக்கிளிலும் ஒருவன் நடந்தும் கிளம்பினால், இரண்டு பேரும் வந்து சேரும் இடைவெளியை வைத்து எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறார்கள் என்று சொல்லலாமே, அந்த மாதிரிதான் என்று இவர் எனக்கு விளக்கினார். துவான் தரையில் வரைபடத்தை விரித்து, நூலில் பென்சிலைக் கட்டி மலாக்காவிலிருந்து ஒரு வளைவு போட்டார். அது கடலைத் தாண்டிச் சுமத்ராவின் மலைகளுக்கு மேல் ஓடியது.

"முதலில் வந்தது தோலுக்கு அடியில் ஓடி வந்தது. பச்சைக் கல் வழியாக" என்றார்.

சந்தோஷத்தில் அவர்களுக்குச் சர்க்கரை இல்லாத காப்பி போட்டுக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து, சுமத்ராவிலிருந்து தொங்கான் படகில் வந்தவர்கள், அங்கே மலைப்பக்கம் ஓர் ஊரில் வீடுகள் விழுந்து ஜனங்கள் செத்ததாகச் சொன்னார்கள். இடம் துவான் போட்ட வளைவுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அன்று சாயங்காலம் நான் ஜாலான் துக்காங் எமாஸ் போய், பிள்ளையாருக்கு ஒரு விளக்குப் போட்டுவிட்டு வந்தேன்.

யுத்தம் முடிந்தபோது எங்கள் மகள் பிறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. கல்லுத் துவானைத் தன் ஆட்களோடு வேறு ஊருக்குப் போய்ச் சரணடையச் சொல்லியிருந்தார்கள். போவதற்கு முன்னால் பள்ளிக்கூடத்துக் கருவிகளையெல்லாம் துடைத்து, பட்டியல் எழுதி, இவர் கையில் ஒப்படைத்தார். அவற்றைத் திரும்ப வைத்ததால்தான் பள்ளிக்கூடம் திறந்ததும் இவருக்குப் பழைய வேலை உடனே கிடைத்தது.

கடைசி நாள் காஜா பெராங்குக்கு நடந்தே வந்தார். சைக்கிளை யாரோ பிடுங்கிக்கொண்டார்களாம். தெருவில் சிலர் அவரைப் பார்த்துத் துப்பினார்கள். அவர்களையும் என்னால் குறை சொல்ல முடியாது. சயாமிலிருந்து திரும்பி வராதவரின் மனைவி எதிர்வீட்டு வாசலில்தான் நின்றிருந்தாள். துவான் அவளைப் பார்த்துக் குனிந்து வணங்கினார். அவள் உள்ளே போய்விட்டாள்.

எங்கள் வீட்டில் தரையில் உட்கார்ந்து கிழங்குமாவுத் தோசை இரண்டு சாப்பிட்டார். பாயில் கிடந்த குழந்தையின் பக்கம் விரலை நீட்டினார். அது இறுக்கிப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"குவாட்" என்றார், பலசாலி.

"அவ அம்மா மாதிரி" என்றார் இவர், தமிழில். அவருக்குப் புரிந்ததோ என்னவோ, சிரித்தார்.

அவரிடமிருந்து அப்புறம் கடிதம் எதுவும் வரவில்லை. அவர் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்றுவிட்டு உள்ளே வந்தோம். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. குழந்தைக்கு வெந்நீர் சரியான சூட்டில் இருந்தது. இவர் தண்ணீர் ஊற்ற, நான் காலை நீட்டி உட்கார்ந்து மகளைக் குளிப்பாட்டினேன்.